பெங்களூரில் கோர்ட் படி ஏறப் போகிறீர்களா? ஒரு வக்கீல் குமாஸ்தாவின் குறிப்புகள்

என் வீட்டு அலமாரியில் முப்பத்து நான்கு டைரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒன்று. வக்கீல் குமாஸ்தாவின் ஆஸ்தி அவ்வளவுதான். அன்றைக்கு வரும் வழக்கின் எண், கோர்ட் ஹால் எண், எதற்காக வருகிறது, அடுத்து எந்தத் தேதிக்குப் போனது: ஒரு வழக்குக்கு ஒரு வரி. நான் வக்கீல் இல்லை. சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒரு வழக்குக் கட்டு எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, எங்கே போய்த் தூங்கும், யார் எழுப்பினால் எழும் என்பது தெரியும். வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையெல்லாம் கட்சிக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்கள்தாம் இவை.

சும்மா பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அல்சூர் சோமேஸ்வரர் கோவில் பக்கம் பூ விற்கும் ஓர் அம்மாவின் வழக்கை வைத்தே சொல்கிறேன். அவர் ஒரு வீட்டை லீசுக்கு எடுத்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது: பெங்களூரில் லீஸ் என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது; காலக்கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் முழுத்தொகையையும் திருப்பித் தர வேண்டும். நம் ஊர்களில் போக்கியம் என்று சொல்வதுதான். ஆறு லட்சம், மூன்று வருடம். கெடு முடிந்தபோது வீட்டுக்காரர் பணத்துக்குப் பதில் ஒரு செக் கொடுத்தார். அதை நம்பி இவர் வீட்டைக் காலி செய்தார். செக் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து, "அண்ணா, போலீசுக்குப் போகட்டுமா, கோர்ட்டுக்குப் போகட்டுமா?" என்று கேட்டார். பணம் கணக்கில் ஏறும் முன் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

எந்தக் கட்டடம்?

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "கோர்ட்டில் இருக்கிறேன், நீங்கள் எங்கே?" என்று தொலைபேசியில் கத்துகிறவர் பாதி நேரம் வேறு கோர்ட் வளாகத்தில் நின்றுகொண்டிருப்பார்.

சொத்து, கடன், ஒப்பந்தம் போன்ற சிவில் வழக்குகளும், கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கான செஷன்ஸ் வழக்குகளும் கெம்பேகவுடா சாலையில், மைசூர் பேங்க் சதுக்கத்துக்கு அருகே இருக்கும் சிட்டி சிவில் கோர்ட் வளாகத்தில் நடக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நிருபதுங்கா சாலையில். தண்டு என்று சொல்லும் கண்டோன்மென்ட் பக்கத்துக்காரர்களுக்கு மகாத்மா காந்தி சாலையின் மேயோ ஹால் பழக்கமான இடம். 1872-இல் அந்தமானில் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாகக் கட்டியது, அங்கும் கோர்ட்டுகள் இருக்கின்றன. ஆகவே ஹால் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், எந்தக் கட்டடம் என்றும் கேளுங்கள். அல்சூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம்: எல்லாமே மெட்ரோவின் ஊதாத் தடத்தை ஒட்டியே இருக்கின்றன. சிட்டி சிவில் கோர்ட்டுக்கு சர் எம். விஸ்வேஸ்வரய்யா நிலையத்தில் இறங்கலாம்.

கப்பன் பூங்கா ஓரமாக, விதான சவுதாவுக்கு எதிரே செக்கச்செவேலென்று நிற்பது உயர் நீதிமன்றம். அந்தக் கட்டடத்துக்கு அட்டாரா கச்சேரி என்று பெயர். சின்ன வயதில் அங்கே அத்தர் விற்றிருப்பார்கள் போலும் என்று நினைத்திருந்தேன். அட்டாரா என்றால் இந்துஸ்தானியில் பதினெட்டு, கச்சேரி என்றால் அலுவலகம். மைசூர் அரசின் பதினெட்டு இலாகாக்கள் 1868-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தில் இயங்கின. உங்கள் வழக்கு எடுத்த எடுப்பில் அங்கே போகாது. கீழே தீர்ப்பாகி, மேல்முறையீடு என்று வந்தால் போகும். வட கர்நாடகத்துக்காரர்களுக்கு தார்வாடிலும் கலபுரகியிலும் அதன் கிளைகள் இருக்கின்றன.

மற்ற ஊர்களில் சின்னத் தொகைக்கு ஒரு கோர்ட், பெரிய தொகைக்கு ஒரு கோர்ட் என்று படிப்படியாக இருக்கும். பெங்களூர் நகரத்துக்கு 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாக சிட்டி சிவில் கோர்ட் இருப்பதால், அதன் தீர்ப்பின் மீதான மேல்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. நடுவில் ஒரு படி குறைவு. விபத்து நஷ்டஈட்டு மனுக்கள் ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு. கணவன் மனைவி வழக்குகள் குடும்ப நீதிமன்றத்துக்கு. சொத்து ஆனேக்கல் தாலுகாவில் இருந்தால் ஆனேக்கலுக்குத்தான் போக வேண்டும். விலாசத்தில் பெங்களூர் என்று எழுதுவதால் மட்டும் அது சிட்டி கோர்ட்டுக்கு வந்துவிடாது. எதிராளி ஓசூருக்குக் குடிபோய்விட்டாரே என்று கவலைப்பட வேண்டாம். கொடுக்கல் வாங்கல் இங்கே நடந்திருந்தால் பண வழக்கை இங்கேயே போடலாம்.

செக் திரும்பினால் காலண்டரை எடுங்கள்

பூக்காரம்மாவுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, செக் திரும்பியதற்காக மாஜிஸ்திரேட்டிடம் புகார். மற்றொன்று, பணத்தை வசூலிக்க சிவில் தாவா. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். பலர் ஒன்றைப் போட்டால் மற்றது போய்விடும் என்று நினைக்கிறார்கள். சிவில் தாவாவுக்கு மூன்று வருடக் கெடு உண்டு. செக் வழக்கு அப்படியில்லை, நாள் கணக்கு.

பேங்கிலிருந்து "பணம் போதாது" என்ற சீட்டு மார்ச் 3-ஆம் தேதி உங்கள் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 2-க்குள், செக் தொகையைக் கேட்டு நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அது ஏப்ரல் 8-ஆம் தேதி அவர் கைக்குக் கிடைத்தால், பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம்; 23-ஆம் தேதி வரை நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். கட்டவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். மே 23-ஐத் தாண்ட விடாதீர்கள். ஆத்திரப்பட்டு அந்த 15 நாள் முடியும் முன்பே புகார் கொடுத்தாலும் நிற்காது. ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், பட்டுவாடா ஆன விவரத்தை அச்செடுத்த தாளையும் செக்குடன் சேர்த்துக் குத்தி வையுங்கள். உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் புகார் கொடுக்க வேண்டும். செக் கொடுத்தவரின் பேங்க் எங்கே இருந்தால் என்ன.

குற்றம் நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆளை உள்ளே வைப்பதில் கட்சிக்காரருக்கு என்ன லாபம்? அந்தப் பயத்தில் பணம் வெளியே வரும், அதற்குத்தான் இந்த வழக்கு.

சிவில் தாவாவுக்குத் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் வாசலில் நிற்கும் தரகரிடம் போகாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் முதலியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

கட்டு தூங்கும் இடங்கள்

தாவா தாக்கலானதும் எதிராளிக்கு சம்மன் போக வேண்டும். புதிய வழக்குகளில் பாதி இங்கேதான் மாதக்கணக்கில் படுத்துக்கொள்கிறது. காரணம், நம் ஊர் விலாசம். "நான்காவது கிராஸ், இரண்டாவது மெயின்" என்று எழுதிவிட்டால் போதுமா? ஒரே பேட்டையில் இரண்டு நான்காவது கிராஸ் இருக்கும். வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. பூக்காரம்மாவின் சம்மன் முதல் தடவை, "அப்படி யாரும் இல்லை" என்று திரும்பி வந்தது. சம்மன் கொண்டுபோகும் கோர்ட் ஊழியரான அமீனா வேறு நான்காவது கிராஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்; அவர் மேல் தப்பில்லை. இரண்டாம் தடவை பழைய எண், புதிய எண், எதிரே இருக்கும் பால் பூத், மாடியின் பச்சை இரும்புக் கேட் எல்லாவற்றையும் எழுதினோம். அந்த அம்மாவே கூடப் போய் வீட்டைக் காட்டினார். சம்மன் சேர்ந்தது. அதற்கான கட்டணத்தை வக்கீல் அலுவலகம் கட்டிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது கட்டாமலே இரண்டு வாய்தா ஓடிப்போன வழக்குகள் என் டைரியில் நிறைய இருக்கின்றன.

சம்மன் கிடைத்த எதிராளி 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. நீங்களே பிரதிவாதியாக இருந்தால் இந்தக் கணக்கை மறக்கவே கூடாது. உங்கள் மேல் யாரோ தடையுத்தரவு வாங்கப் போகிறார் என்று காதில் விழுந்தால் முன்கூட்டியே கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு, போட்டு வைக்கலாம். 90 நாள் செல்லும்.

எண்களில் ஒரு குழப்பம் உண்டு. செக் புகார் முதலில் பி.சி.ஆர். என்ற எண்ணில் பதிவாகும். மாஜிஸ்திரேட் அதை விசாரணைக்கு ஏற்றதும் சி.சி. என்று புதிய எண் வந்துவிடும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு பட்டியலில் தேடிவிட்டு, வழக்கு காணாமல் போய்விட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குத்தான் சி.என்.ஆர். எண். பதினாறு எழுத்தும் இலக்கமும் சேர்ந்தது, வழக்கு முடியும்வரை மாறாது. சிட்டி சிவில் கோர்ட்டில் அது கே.ஏ.பி.சி.01 என்று தொடங்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, எந்த ஹால், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் வந்துவிடும். வக்கீலிடம் முதலில் வாங்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

வாய்தா நாள்

காலை பதினோரு மணிக்கு நீதிபதி வந்து உட்கார்ந்ததும் பெஞ்ச் கிளார்க் எண்களை வரிசையாகக் கூப்பிடுவார். கோர்ட் சேவகரான டவாலி வாசலுக்கு வந்து உங்கள் பெயரைக் கூவுவார். கன்னட உச்சரிப்பில் உங்கள் பெயர் எப்படி ஒலிக்கும் என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள். "பழனி" என்று ஒரு நாளும் கூப்பிட மாட்டார்கள், "பளனி"தான். ஒரு வழக்குக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் நீங்கள் தேநீர்க் கடையில் இருந்தால் அவ்வளவுதான். வக்கீல் வேறு ஹாலில் இருந்தால், எழுந்து நின்று அவர் வருகிறார் என்று சொல்லுங்கள். வழக்கை ஒதுக்கி வைத்து மறுபடி கூப்பிடுவார்கள். சாட்சி விசாரணையெல்லாம் இந்தக் கூப்பாடு முடிந்த பிறகுதான்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். வாய்தா கன்னடத்தில் வாயிதெ, தாவா அங்கே தாவெ, வக்காலத்து அங்கேயும் வக்காலத்து. வக்கீலும் ஜாமீனும் மாறவே இல்லை. இரண்டு மொழியும் ஒரே கச்சேரியில் கடன் வாங்கியவை.

ஆனால் எண்கள் வேறு. நான் சேர்ந்த நான்காம் வருடம், ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு அடுத்த தேதியை ஹாலின் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டேன். "ஹதினாறு" என்று சொன்னது எனக்கு "ஹதினேளு" என்று விழுந்தது. பதினாறைப் பதினேழு என்று எழுதிவிட்டேன். பதினேழாம் தேதி போய்ப் பார்த்தால் பட்டியலில் வழக்கே இல்லை. முந்தின நாளே வாதி வரவில்லை என்று தள்ளுபடி ஆகியிருந்தது. எங்கள் வக்கீல் திட்டியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது, கோபம் வந்தால் அவர் துளுவுக்குப் போய்விடுவார். இப்படித் தள்ளுபடியான வழக்கை மீண்டும் எடுத்துக்கொள்ள 30 நாளுக்குள் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். போட்டோம், எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டச் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். கட்டியது என் சம்பளத்திலிருந்து. அன்று முதல் தேதியைக் காதால் வாங்குவதில்லை, கிளார்க் மேஜையில் போய்க் கண்ணால் பார்த்து எழுதுகிறேன். நீங்களும் ஒரு இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலுக்கு நூறு வழக்கு, எனக்கும் நூறு வழக்கு. உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான்.

கூண்டு ஏறும் நாள்

ஆவணங்களைப் பற்றி முதலில். பூக்காரம்மாவின் லீஸ் பத்திரம் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்யாமல் விட்டது. கர்நாடகத்தில் முத்திரைக் கட்டணம் குறைந்த பத்திரத்தை கோர்ட்டில் காட்டினால், குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு அபராதமும் கட்டிய பிறகே அதைச் சான்றாவணமாகக் குறிப்பார்கள். சில ஆயிரம் மிச்சம் பிடித்துப் பத்து மடங்கு கட்டும் கூத்து இது. அவரைக் காப்பாற்றியது பத்திரம் இல்லை, ஆறு லட்சத்தில் நான்கு லட்சம் பேங்க் வழியாகப் போனதற்கான கணக்கு நகல். வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரர், "அடுத்த மாதம் தருகிறேன்" என்று அனுப்பிய செய்திகளும் இருந்தன. அவற்றை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தத் தொலைபேசியை விற்காதீர்கள், பழுது பார்க்கிறவர் அழித்துவிடவும் விடாதீர்கள்.

சிவில் வழக்கில் முதல் விசாரணை வாயால் நடப்பதில்லை. உங்கள் சாட்சியத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுவார்கள், ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ. நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதன் பிறகு குறுக்கு விசாரணை. எதிர் வக்கீலின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?" "தெரியாது, வக்கீல் சொன்னார், போட்டேன்" என்று பதில் வந்தால் அந்தச் சாட்சியத்தின் முதுகெலும்பு அங்கேயே முறிந்தது. கையெழுத்துப் போடும் முன் அதைத் தமிழில் பத்தி பத்தியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வக்கீலுக்கு நேரமில்லை என்றால் குமாஸ்தாவைப் பிடியுங்கள்.

பூக்காரம்மாவுக்கு நான் கோவில் வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவர் மல்லிகை தொடுத்துக்கொண்டே கேட்டார். கவனிக்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம். மறுநாள் தமிழில் சாட்சி சொல்ல அனுமதி வாங்கி, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவருக்கு உறுதிமொழி கொடுத்து மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். முதல் கேள்விக்கே பதினோரு பத்தியையும் ஒப்பித்தார்.

"ஆறு லட்சமும் பேங்கில் போட்டீர்களா?"

"நான்கு பேங்கில். இரண்டு கையில்."

"கையில் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் கொடுக்கவில்லை?"

"கொடுத்தேன். அவர் மகன்தான் எண்ணினார். ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் கிழிந்திருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்றார். பையிலிருந்து ஐந்து நூறு ரூபாயாகக் கொடுத்தேன்."

வக்கீல் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். தெரிந்ததைக் கேட்ட அளவுக்குச் சொல்வது, ரசீது இல்லையென்றால் இல்லை என்பது, ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்பது. இதற்கு மேல் சாட்சிக்குப் பயிற்சி கிடையாது. சொன்னது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

தீர்ப்புக்கு முன்னும் பின்னும்

எந்தக் கட்டத்திலும் நீதிபதி உங்களைச் சமரசத்துக்கு அனுப்பலாம். எச். சித்தையா சாலையில் நியாய தேகுல என்ற கட்டடத்தில் சமரச மையம் இருக்கிறது. தேகுல என்றால் கன்னடத்தில் கோவில். அங்கே நீதிபதி இருக்க மாட்டார், ஒரு மேஜை, நான்கு நாற்காலி, நடுவில் பயிற்சி பெற்ற ஒரு மத்தியஸ்தர். அங்கே பேசியதை பின்னால் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. ஆகவே மனதைத் திறந்து பேசலாம். போகும்முன் உங்கள் கடைசித் தொகை என்ன என்பதை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். சமரசத்துக்கென்றே கூடும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். அந்த உத்தரவின் மேல் மேல்முறையீடும் கிடையாது.

சமரசம் ஆகாமல் தீர்ப்பு வந்தால், அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். சிட்டி சிவில் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 90 நாள். நகல் தயாராக எடுத்துக்கொள்ளும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. செக் வழக்கில் தண்டனை பெற்றவர் செஷன்ஸுக்குப் போக 30 நாள்.

தீர்ப்பின்படி எழுதித் தரும் உத்தரவான டிக்ரி கைக்கு வந்தாலும் பாதிக் கிணறு தாண்டியதுதான். எதிராளி தானாகக் கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு என்று தனியாகப் போட்டு, அவருடைய சொத்தையோ பேங்க் கணக்கையோ ஜப்தி செய்யச் சொல்ல வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வருடம் காலம் உண்டு என்றாலும் ஆறப்போடாதீர்கள், சொத்து கை மாறிவிடும். எதிராளிக்கு எங்கே என்ன இருக்கிறது என்பதை கோர்ட் தேடித் தராது. நீங்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதை வழக்குப் போடும் நாளிலிருந்தே விசாரித்து வையுங்கள்.

பூக்காரம்மா அவ்வளவு தூரம் போகவில்லை. குறுக்கு விசாரணைக்கு மறு மாதமே வீட்டுக்காரர் தரப்பு சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது. வட்டியை விட்டுக்கொடுத்தார், ஆறு லட்சம், நான்கு தவணை. இரண்டு வழக்கையும் சேர்த்து முடித்தார்கள்.

அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அசல் பத்திரங்கள் கட்டிலேயே கிடக்கும். வழக்கு முடிந்ததும், மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின், நகலை வைத்துவிட்டு அசலைத் திருப்பித் தரும்படி ஒரு மனுக் கொடுக்க வேண்டும். பூக்காரம்மாவின் பத்திரத்தை வாங்கி, பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கொடுத்தேன். அதை அவர் பூக்கூடைக்கு அடியில் வைத்தார். நனைந்துவிடும் அம்மா என்று சொன்ன பிறகு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.